நீரில் கரையாத கருமை

1956ஆம் ஆண்டில் தோக்கோ சினோடா என்னும் சப்பானிய ஓவியர் நியூயார்க்கு நகருக்குச் சென்றார். அப்போது அவருக்கு அகவை நாற்பத்து மூன்று. ஈராண்டுகளுக்கு முன்பே, அந்நகரின் நவீனக் கலை அருங்காட்சியகம் நடத்திய சப்பானிய வனப்பெழுத்துக் கண்காட்சியில் அவருடைய படைப்பு இடம்பெற்றிருந்தது. அருவ ஓவியத்தின் தலைநகராக நியூயார்க்கு விளங்கிய காலம் அது. கலைக்கூடங்கள் அவரை வரவேற்றன, பாராட்டும் கிடைத்தது. இருந்தும் 1958இல் அவர் தோக்கியோவுக்கே திரும்பினார். திரும்பியதற்கு அவர் கூறிய காரணங்களுள் ஒன்று, பலரும் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுவது: அந்நாட்டுக் காற்று வறண்டிருந்தது, மை மிக விரைந்து உலர்ந்தது.

அந்த ஒரு வரி ஆழ்ந்து எண்ணத்தக்கது. எண்ணெய் வண்ணத்தால் தீட்டுவோர்க்கு இச்சிக்கல் எழாது. அவர்தம் வண்ணம் உலர நாட்கள் பல ஆகும். உலர்ந்தபின்னும் அது துணியின் மேற்பரப்பில் தங்கி நிற்கும். சினோடாவின் கோடோ, நீர் தாளுக்குள் நகரும் சில நொடிகளுக்குள் பிறந்து முடிவது. சப்பானிய மரபிலிருந்து அவர் பெற்றது யாது என்று வினவினால், பலர் வனப்பெழுத்தின் வடிவங்களைக் காட்டுவர். அவர் பெற்றது அதனினும் அடிப்படையானது என்று நான் கருதுகிறேன். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கைவினைஞர் பண்படுத்திவந்த மை என்னும் பொருளையும், அது நீரோடும் நாரோடும் இயங்கும் முறையையுமே அவர் தம் மரபாகக் கொண்டார். எழுத்திலிருந்து சொற்பொருளை நீக்கியதும் அந்த இயக்கம் தடையின்றிக் கண்ணுக்குப் புலனாயிற்று. ஆகவே அவருடைய ஓவியத்தை இயற்பியலின் துணைகொண்டு அணுகுவது, அவர் எதை நம்பித் தூரிகை எடுத்தார் என்பதை அறியும் நேர்வழியாகும்.

சினோடா 1913 மார்ச்சு 28ஆம் நாள், அப்போது சப்பானின் ஆட்சியில் இருந்த தாலியன் துறைமுக நகரில் பிறந்தார். 2021 மார்ச்சு முதல் நாளில், 107ஆம் அகவையில் மறைந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையார் அவருக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். ஆற்றைக் குறிக்கும் சீன எழுத்து மூன்று செங்குத்துக் கோடுகளால் ஆனது. ஓடும் ஆற்றுக்கு மூன்று கோடுகள் போதா என்று அவருக்குத் தோன்றியது. மேலும் கோடுகள் இழுக்க விரும்பினார். ஆனால் நான்காவது கோடு சேர்ந்த நொடியில் அது எழுத்தாக இராது, பிழையாகிவிடும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவர் அந்த எல்லையைத் தாண்டினார். அதற்கு முன்பே மரபுவழி வனப்பெழுத்தாளர்கள் அவர் எழுத்துக்கு வேர் இல்லை என்று குறை கூறியிருந்தனர். அவருடைய வேர் எழுத்தின் இலக்கணத்தில் அன்று, மைக்கட்டியில் இருந்தது என்பதை அவர்கள் காணவில்லை.

சப்பானியர் சுமி என்று அழைக்கும் அந்த மை, பார்வைக்கு எளிய பொருள். புகைக்கரி, விலங்குப் பசை, சிறிது நறுமணப் பொருள் ஆகிய மூன்றையும் பிசைந்து அச்சிலிட்டு உலர்த்திய கட்டி. நாட்டின் பழந்தலைநகரான நாரா, இன்றும் சப்பானிய மைக்கட்டிகளில் பெரும்பங்கை உருவாக்கும் ஊர். அங்குள்ள கோபாயென் என்னும் மைப்பட்டறை 1577இல் தொடங்கியது. கரி இரண்டு வழிகளில் கிடைக்கும். ஒன்று, பிசின் நிறைந்த ஊசியிலை மரக்கட்டைகளை எரித்துப் பெறும் கரி. மற்றொன்று, கடுகினப் பயிரின் விதை எண்ணெய், நல்லெண்ணெய் போன்றவற்றை அகல்களில் எரித்துப் பெறுவது. நம் வீடுகளில் விளக்குச் சுடருக்கு மேல் தட்டைக் கவிழ்த்துக் கண்மைக்குக் கரி பிடிப்பார்களே, அதே முறைதான். அங்கே இருட்டறை ஒன்றில் நூற்றுக்கணக்கான சுடர்கள் ஒருங்கே எரியும். சுடர் ஒரே இடத்தில் படாதிருக்க, மேலே கவிழ்த்த மண்மூடியை அவ்வப்போது சிறிது திருப்பி வைப்பர். திரி மெலிதாக இருந்தால் கரியும் நுண்ணியதாக அமையும்.

சுடரின் நடுவே உயிர்வளி போதாது. ஆங்கே எண்ணெய் ஆவி முற்றும் எரியாமல் சிதைகிறது. கரிம அணுக்கள் ஆறு பக்க வளையங்களாக இணைந்து, வளையங்கள் தகடுகளாகி, தகடுகள் சுருண்டு பந்து வடிவத் துகள்களாகின்றன. எண்ணெய்க் கரியில் ஒரு துகளின் குறுக்களவு சில பத்து நானோமீட்டர். மயிரிழை ஒன்றின் தடிப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துகள்களை வரிசையாக அடுக்கலாம். மரக்கரியில் துகள்கள் பெரியவை, சிறியவை எனப் பல அளவில் கலந்திருக்கும். கரிமத் தகடுகளில் மின்னணுக்கள் ஓரிடத்தில் கட்டுண்டு நிற்பதில்லை; தகடு முழுதும் பரந்து உலவுகின்றன. அதனால்தான் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் எல்லா அலைநீளங்களையும் அவை உறிஞ்சுகின்றன. சாயங்களின் நிறம் ஒரு மூலக்கூற்றின் நுட்பமான கட்டமைப்பைச் சார்ந்தது. ஒளி பட்டுப் பிணைப்பு முறிந்தால் சாயம் வெளிறும். கரிமத்தின் கருமைக்கு அந்த அச்சம் இல்லை. நாராவின் சோசோயின் கருவூலத்தில் 8ஆம் நூற்றாண்டின் மையெழுத்து ஆவணங்கள் இன்றும் கருமை குன்றாமல் உள்ளன. அக்காலத்து மைக்கட்டிகளும் அங்கே காக்கப்படுகின்றன.

இப்போது ஒரு முரண் எழுகிறது. கரிமம் நீரை வெறுப்பது. புகைக்கரியை நீரில் தூவினால் அது மிதக்கும். வலிந்து கலக்கினால் சற்று நேரத்தில் திரண்டு அடியில் படியும். துகள்கள் ஒன்றையொன்று நெருங்கும்போது வாண்டர் வால்சு ஈர்ப்பு அவற்றைப் பற்றிக்கொள்கிறது. பற்றியவை எளிதில் பிரிவதில்லை. அவ்வாறாயின் மை எப்படி ஒரு சீரான நீர்மமாக நிற்கிறது?

விடை பசையில் உள்ளது. சப்பானியர் நிக்காவா என்பது, விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. நம் தச்சர்கள் வச்சிரம் என்று வழங்கிவந்த பசையின் இனம். தோலின் கொலாசன் புரதம் வெந்நீரில் முறுக்கவிழ்ந்து நீண்ட இழைகளாகிறது. ஒவ்வோர் இழையிலும் நீரை விரும்பும் பகுதிகளும் நீரை விரும்பாத பகுதிகளும் மாறிமாறி வருகின்றன. விரும்பாத பகுதி கரித்துகளின் மேல் ஒட்டிக்கொள்கிறது. விரும்பும் பகுதி நீருக்குள் நீண்டு அலைகிறது. இவ்வாறு இழை போர்த்த இரு துகள்கள் நெருங்கினால், அவற்றின் போர்வைகள் முட்டிக்கொண்டு துகள்களை விலக்கிவிடுகின்றன. ஈர்ப்பு வலுப்பெறும் தொலைவுக்குள் அவை வருவதே இல்லை. நீரின் மூலக்கூறுகள் இடைவிடாமல் மோதுவதால் துகள்கள் ஓயாது நடுங்கி அலைந்துகொண்டே இருக்கின்றன. அடியில் படிவதற்கும் அந்த அலைவு இடம் தருவதில்லை. கரி கரையவில்லை; கரைந்ததைப் போன்ற ஒரு நிலையில் பசை அதைத் தாங்குகிறது. இந்நிலையையே அறிவியல் கூழ்மம் என்கிறது.

இந்தக் காப்புத் திறனை அளந்தவர் ஆசுத்திரிய வேதியியலார் ரிச்சர்டு சிக்மாண்டி. செந்நிறத் தங்கக் கூழ்மத்தில் உப்பைச் சேர்த்தால் துகள்கள் திரண்டு நிறம் ஊதாவாகும். அதைத் தடுக்க எவ்வளவு காப்புப் பொருள் வேண்டும் என்று அவர் ஓர் எண் வகுத்தார். தோற்பசையின் இனமான செலட்டின், மிகக் குறைந்த அளவிலேயே காக்கும் பொருள்களுள் முன்வரிசையில் நின்றது. சிக்மாண்டி 1925ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு பெற்றார். பின்னாளில் பிரெஞ்சு இயற்பியலார் பியேர்-கில் டி சென், 1991இல் நோபல் பரிசு பெற்றபின் பள்ளி மாணவர்களிடையே ஆற்றிய உரைகளில், மென்பருப்பொருள் இயற்பியலை விளக்க எடுத்துக்கொண்ட சான்றுகளுள் ஒன்று கரிமை. நாராவின் பட்டறைகளில் அறிவியற் பெயரின்றிப் பல நூற்றாண்டுகளாக நடந்துவந்தது அதே நுட்பமே.

சப்பானிலும் இதை ஆய்வகத்துக்குக் கொண்டுசென்றவர் ஒருவர் இருந்தார். ஊடுகதிர் படிகங்களில் சிதறுவதை 1913இலேயே ஆராய்ந்தவர் தொராகிக்கோ தெராடா. தோக்கியோவின் இயற்பியல் பேராசிரியர். சிறந்த கட்டுரையாளரும் கூட. தம் வாழ்வின் கடைசி ஆண்டுகளில் அவர் மைக்கட்டியின் கூழ்மத் தன்மையை மாணவர்களுடன் ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டார்; 1935இன் கடைசி நாளில் மறைந்தார். 1936இல் வெண்பனிப் படிகத்தை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டிய உக்கிச்சிரோ நக்காயா அவருடைய மாணவர். பெரும் இயற்பியலார் ஒருவர் எழுதுபொருளைத் தாழ்வாக எண்ணாமல் ஆய்வுக்கு எடுத்தது எனக்கு மிகுந்த மதிப்பை ஊட்டுகிறது. அன்றாடம் கையில் புழங்கும் பொருளுக்குள் தீராத அறிவியல் உண்டு என்பதை அவர் உறுதியாக நம்பினார்.

மைக்கட்டி செய்யும் பருவம் குளிர்காலமே. வெப்பத்தில் பசை அழுகும். குளிரில் அது விரைந்து இறுகும். கரியையும் பசையையும் கையாலும் காலாலும் பிசைந்து, ஒரு துகளும் காப்பின்றி எஞ்சாதவாறு கலப்பர். சேர்க்கும் நறுமணப் பொருள்களுள் ஒன்று பச்சைக் கற்பூரம்; பசையின் நாற்றத்தை அது மறைக்கும். அச்சிலிருந்து எடுத்த ஈரக்கட்டியை நேரே காற்றில் வைத்தால் வெளிப்புறம் முந்திச் சுருங்கி வெடித்துவிடும். அதனால் ஈரமான சாம்பலில் புதைத்து, நாள்தோறும் சற்று உலர்ந்த சாம்பலுக்கு மாற்றி, பின் வைக்கோலில் கட்டித் தொங்கவிடுவர். மாதங்கள் கழித்தே கட்டி விற்பனைக்கு ஆகும். அதன்பின்னும் அது மாறிக்கொண்டே இருக்கும். காற்றின் ஈரம் பசைப் புரதத்தின் இழைகளை ஆண்டுக்கணக்கில் சிறுசிறிதாக முறிக்கிறது. இழை குட்டையானால் மையின் பாகுத்தன்மை குறைகிறது. தாளில் அது இளகிப் பரவுகிறது. பல பத்தாண்டுகள் முதிர்ந்த கட்டியை ஓவியர்கள் போற்றுவதன் காரணம் இதுவே. சினோடாவும் மிகப் பழைய கட்டிகளைத் தேடி வைத்துக்கொண்டவர்.

முறிவு எல்லை மீறினால் காப்புக் குலைந்து துகள்கள் திரளத் தொடங்கும். உரைத்த மையை ஓரிரவு வைத்திருந்தாலே இம்மாற்றம் நேரும். அத்தகைய மை எழுத்துக்கு ஆகாது என்று ஆசான்கள் விலக்கினர். ஆனால் ஓவியர் சிலர் அதன் மணற்படிவு போன்ற தோற்றத்துக்காகவே அதை நாடினர்.

மையை உரைக்கும் கல்லுக்கும் ஓர் இயற்பியல் உண்டு. களிமண்ணிலிருந்து இறுகிய மென்மையான பலகைப்பாறையில், கண்ணுக்குத் தெரியாத குவார்ட்சு மணிகள் பதிந்திருக்கும். கல்லின் மென்பகுதி தேயத்தேய, அம்மணிகள் அரத்தின் பற்களாக மேலெழுந்து நிற்கும். அழுத்தி விரைவாக உரைத்தால் கட்டி சில்லுச் சில்லாகப் பெயர்ந்து கரடான மை கிடைக்கும். அழுத்தாமல் மெல்ல உரைத்தால் துகள்கள் தனித்தனியே நீரில் இறங்கும். புட்டியில் அடைத்த மையைக் கொண்டு இந்த வேறுபாட்டை உண்டாக்க இயலாது. உரைக்கும் நேரத்தில் ஓவியர் அன்றைய மையின் துகளளவைத் தம் கையால் வகுக்கிறார்.

மை நிறமற்றது, வெறும் கறுப்பு என்று நினைப்போர் உண்டு. நீர்த்த மையைத் தாளில் இட்டுப் பார்த்தால் அவ்வெண்ணம் மாறும். எண்ணெய்க் கரியின் நீர்த்த மை சற்றே பழுப்பாகத் தோன்றும். மரக்கரியின் மை நீலம் சாயும். அலைநீளத்தினும் மிகச் சிறிய துகள்கள், நீண்ட அலைகொண்ட செவ்வொளியைக் காட்டிலும் குறுகிய அலைகொண்ட நீலவொளியை மிகுதியாக விழுங்குகின்றன. எஞ்சித் திரும்பும் ஒளி பழுப்பாகிறது. துகள் பெரிதாகும்போது இந்த வேறுபாடு மங்குகிறது. நிறம் நீலப் பக்கம் நகர்கிறது. சினோடாவின் ஓவியம் ஒன்றில் அடர்ந்த பட்டைக்குப் பக்கத்தில் வெளிறிய பட்டை ஒன்று நிற்கும்போது, கருமைகளுக்கு இடையே நாம் உணரும் வெம்மையும் தண்மையும் துகளின் அளவால் பிறப்பவை.

தாளுக்கு வருவோம். சப்பானியக் கைத்தாளின் முதன்மை மூலப்பொருள் கோசோ என்னும் காகித முசுக்கொட்டைச் செடியின் உட்பட்டை நார். மரக்கூழ் நார் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளமே உடையது; கோசோ நார் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நீளும். நீண்ட நார்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, செல்லுலோசு இழைகளுக்கிடையிலான ஐதரசன் பிணைப்பால் பற்றிக்கொள்கின்றன. தாள் மெலிதாக இருந்தும் வலிமை பெறுவது இதனால்தான். நார்களுக்கிடையே உள்ள வெளிகள் நுண்புழைகளாகின்றன. நீரின் பரப்பு இழுவிசை அதை அப்புழைகளுக்குள் இழுக்கிறது. நீர் தன்னோடு கரித்துகள்களையும் இட்டுச் செல்கிறது.

இந்த நகர்வுக்கு ஒரு விதி உண்டு. செருமானியர் லூக்காசு 1918இலும், அமெரிக்கர் வாசுபர்ன் 1921இலும் தனித்தனியே கண்டது அது. நுண்புழையில் நீர்மம் செல்லும் தொலைவு, நேரத்தின் இருமடி மூலத்துக்கு நேர்விகிதத்தில் அமையும். இரண்டு மடங்கு தொலைவு செல்ல நான்கு மடங்கு நேரம் வேண்டும். தூரிகை பட்ட முதல் நொடியில் மை பாய்கிறது; பின் தயங்குகிறது; பின் ஊர்கிறது. அந்தத் தயக்கத்தின்போது துகள்கள் அளவுவாரியாகப் பிரிகின்றன. பெரியவை நார்வலையில் சிக்கி முன்னரே நின்றுவிடுகின்றன. நுண்ணியவை மேலும் செல்கின்றன. இறுதியில் கரி ஏதுமின்றி நீர் மட்டும் சிறிது தொலைவு போகிறது. கோட்டின் ஓரத்தில் கருமை படிப்படியாக ஒளிர்ந்து மறைவது இவ்வாறே. தூரிகை நேரடியாகத் தொட்ட நடுப்பகுதி மட்டும் தன் உருவத்தை இழக்காமல் அடர்ந்து நிற்கும். பரவலுக்குள் கோட்டின் எலும்பு தெரிய வேண்டும் என்று வல்லுநர் கூறுவது இந்த நடுப்பகுதியைத்தான்.

நீர் நகர்ந்துகொண்டிருக்கும்போதே காற்றும் தன் வேலையைச் செய்கிறது. பரவலின் எல்லையை நிறுவுவது, உள்ளே பாயும் நீருக்கும் வெளியே ஆவியாகும் நீருக்கும் இடையிலான போட்டி. நியூயார்க்கின் குளிர்காலத்தை எண்ணிப் பாருங்கள். நீர் உறையும் வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 5 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அக்காற்று வீட்டுக்குள் புகுந்து 20 பாகைக்குச் சூடேறும்போது அதன் கொள்திறன் ஏறத்தாழ 17 கிராம் ஆகிறது. உள்ள நீராவியோ அதே 5 கிராம். ஈரப்பதம் முப்பது விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். 75 விழுக்காடு ஈரப்பதமுள்ள அறையோடு ஒப்பிட்டால், அதே வெப்பநிலையில் ஆவியாதல் ஏறக்குறைய மூன்று மடங்கு விரைவாக நிகழும். சப்பானின் மழைப்பருவத்துக் காற்றில் பழகிய கை, ஒரு கோடு எத்தனை நொடி உயிரோடு இருக்கும் என்பதை நன்கறியும். நியூயார்க்கில் அந்தக் கணக்குக் குலைந்தது. சினோடா ஊர் திரும்பியதில் பிடிவாதம் எதையும் நான் காணவில்லை. தம் கருவியின் மாறிலிகள் மாறிவிட்டதை உணர்ந்த ஒரு நுண்ணறிவாளரின் முடிவாகவே காண்கிறேன்.

தூரிகையின் வேகமும் இந்தப் போட்டியில் ஓர் உறுப்பு. 2011இல் சியோல் நாட்டுப் பல்கலைக்கழகத்தையும் ஆர்வர்டையும் சேர்ந்த ஆய்வாளர்கள், நுண்புழை முனையிலிருந்து துளைகொண்ட பரப்பில் மை படியும் முறையை ஆராய்ந்து, கோட்டின் அகலம் மையின் பண்புகளோடும் முனை நகரும் வேகத்தோடும் எவ்வாறு தொடர்புறுகிறது என்று கணித்துக் காட்டினர். மெல்ல நகர்ந்தால் கோடு கொழுக்கும், விரைந்தால் மெலியும். தூரிகை அதைவிடச் சிக்கலானது. அதன் மயிர்களுக்கிடையே மை சேமிக்கப்பட்டிருக்கும். அழுத்தினால் அகலும், தூக்கினால் குவியும். வறண்டு வரும் தூரிகையை விரைந்து இழுத்தால் மை எல்லா நாரையும் தொடாது. கோட்டுக்குள் வெள்ளைக் கீற்றுகள் விழும். பரவலையும் இந்தக் கீற்றையும் ஒரே கோட்டின் இரு முனைகளில் வைக்கும் திறன் சினோடாவுக்கு உண்டு. பெல்சிய ஓவியர் பியேர் அலெசின்சுக்கி 1955இல் சப்பானுக்கு வந்து எடுத்த வனப்பெழுத்து ஆவணப்படத்தில் சினோடாவும் தோன்றுகிறார்.

இன்னொரு வியப்பும் உண்டு. நீர்த்த மையால் இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால், முதலில் இட்ட கோடே மேலே இருப்பதாகத் தெரியும். முதற்கோட்டின் பசை அங்குள்ள நார்களின் இடைவெளிகளை முன்பே அடைத்துவிட்டது. பின்னர் வரும் மை அவ்விடத்தில் நுழைய இயலாமல் ஒதுங்குகிறது. எண்ணெய் வண்ணத்தில் பின்னது முன்னதை மறைக்கும். இங்கே முன்னது பின்னதைத் தடுக்கும். எனவே சினோடாவின் ஓவியத்தில் எக்கோடு முந்தியது என்பதைத் தாள் ஒளிக்காமல் காட்டிவிடுகிறது. திருத்தத்துக்கும் அழிப்புக்கும் இடமில்லை.

உலர்ந்தபின் மற்றொரு மாற்றம் நிகழ்கிறது. நீர் நீங்கியதும் துகள்கள் ஒன்றோடொன்றும் நாரோடும் நெருங்கி ஒட்டுகின்றன. நீர்ம நிலையில் எந்த வாண்டர் வால்சு ஈர்ப்பைப் பசை தடுத்து நின்றதோ, அதே ஈர்ப்பு இப்போது பசையோடு சேர்ந்து கருமையை நாரில் பிணைக்கிறது. நன்கு உலர்ந்த மையோவியத்தை மரபுமுறையில் சுருளாகவோ திரையாகவோ அமைக்கும்போது, அதன் பின்புறத்தில் நீர்த்த மாவுப்பசை தடவி வேறு தாளை ஒட்டுவர். ஓவியம் முழுதும் நனையும், கோடு அசையாது.

அமெரிக்க அருவ ஓவியர்களோடு சினோடாவை ஒப்பிடுவோர் பெரும்பாலும் பிரான்சு கிளைனைக் குறிப்பிடுவர். இருவர் ஓவியத்திலும் அகன்ற கரும்பட்டைகள் உண்டு; ஒற்றுமை அத்தோடு முடிகிறது என்பேன். கிளைன் வெள்ளையையும் வண்ணமாகவே பூசினார். கருப்பின்மேல் வெள்ளை ஏறி அதை வெட்டுவதும் அவருடைய முறை. சினோடாவின் வெண்மை மை படாத தாள். நார்களுக்கும் அவற்றிடையே உள்ள காற்றுக்கும் ஒளிவிலகல் எண் வேறுபடுவதால், புகுந்த ஒளி பலமுறை சிதறி எல்லாத் திசையிலும் வெளியேறுகிறது. அதுவே தாளின் வெண்மை. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அசெகாவா தோகாக்கு, பைன் மரங்கள் மூடுபனியில் நிற்பதை இரு திரைகளில் வரைந்தபோது, பனியைத் தீட்டவில்லை; தாளை விட்டுவைத்தார். சினோடா நிற்பது அந்த வழியில். 1974இல் தோக்கியோவின் சோசோசி கோயிலுக்காக அவர் படைத்த ஏறத்தாழ 29 மீட்டர் நீளமுள்ள சுவரோவியத்தின் முன், மை தொடாத பரப்புக்கே கண் மீண்டும் மீண்டும் போகிறது என்பதில் வியப்பில்லை.

சில படைப்புகளில் அவர் தாளுக்கு மாறாக வெள்ளி, பொன், பிளாட்டினத் தகட்டைப் பின்புலமாகக் கொண்டார். உலோகத் தகட்டின்மேல் தீட்டுவதும் ரிம்பா என்னும் சப்பானிய ஓவிய மரபினர் கையாண்ட முறையே. பொற்றகட்டின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறையப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. பொன்னும் பிளாட்டினமும் காற்றோடு வினைபுரியாமல் நிற்பவை. வெள்ளி அவ்வாறன்று, காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு சேர்ந்து வெள்ளிச் சல்பைடாகி மஞ்சளித்து, பழுப்பாகி, கறுக்கும். ஓகத்தா கோரின் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய செம்மலரும் வெண்மலரும் பூத்த பிளம் மரத் திரையில் நடுவே ஓடும் கரிய ஆறு, ஆய்வாளரிடையே நெடுங்காலம் வாதத்துக்கு உள்ளானது. வெள்ளியைக் கந்தகத்தால் கறுக்கவைத்ததே அந்நீரோட்டம் என்பதற்கு ஊடுகதிர் ஆய்வுகள் சான்று தந்துள்ளன. வெள்ளியின்மேல் மையை வைக்கும் ஓவியர், மாறாத கருமையை மாறும் ஒளியின்மேல் வைக்கிறார். கோடு நிற்கும், பின்புலம் முதிரும். சினோடா அதை அறிந்தே செய்தார் என்று நம்புகிறேன். மரபில் வளர்ந்தவர் எவருக்கும் வெள்ளி கறுக்கும் என்பது தெரியும்.

1960 முதல் அவர் கல்லச்சுக் கலையிலும் ஈடுபட்டார். அதன் அடிப்படை வேறு: கொழுப்பும் நீரும் ஒன்றையொன்று விலக்கும் என்பதே அதன் அறிவியல். கல்லின்மீது கொழுப்பு மையால் வரைந்து, கல்லை நனைத்து, அச்சுமையை உருட்டினால், வரைந்த இடம் மட்டும் மையைப் பற்றும். தூரிகையின் வீச்சையும் நீர்த்த மையின் சாயல்களையும் கல் ஓரளவு ஏற்கும். ஆனால் அச்சாகும் மை தாளின் மேற்பரப்பில் அழுத்தப்படுவது. நார்களுக்குள் ஊர்ந்து செல்வதன்று. அச்சு முடிந்தபின் சினோடா பல படிகளில் தம் கையாலேயே ஒரு கோட்டையோ சாதிலிங்கச் சிவப்பின் ஒரு கீற்றையோ சேர்த்தார். ஒரே கல்லிலிருந்து பிறந்த ஐம்பது தாள்களில் அந்தக் கைக்கோடு மட்டும் ஒவ்வொன்றிலும் வேறாக இருக்கும். ஒவ்வொரு தாளின் நார்க்கிடக்கையும் வேறு. அன்றைய காற்றின் ஈரமும் வேறு.